குடை இருக்கிறது, அரசர் இல்லை

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே காசைப் பற்றியவை. நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி படம் எடுத்து அனுப்பியிருந்தார், அதோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தபோது காசையே கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்துவிட்டார். காப்பிக்கடை மேசையில் அதை வைத்து நானும் அவரும் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். எழுதிக் கொடுங்கள், பத்திரிகையிலேயே பதில் போடுகிறேன் என்றேன். மற்ற கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா வணக்கம். 2025 யூபிலிப் புனித ஆண்டுக்காக எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ரோமுக்குப் போன குழுவில் என் மகளும் போனாள். மே மாதம் திரும்பி வரும்போது ஒரு பழைய வெள்ளிக்காசு வாங்கி வந்தாள். தெருவோரக் கடையில் அறுபது யூரோ கொடுத்தாளாம். ஒரு பக்கம் குடை, குடைக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி இரண்டு சாவி, அதற்கும் கீழே கேடயத்தில் மூன்று ஈ. மறுபக்கம் புறா. எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, வருஷம் 16 என்பது வரைதான் தெரிகிறது. காசில் யாராவது ஈ படம் போடுவார்களா? மகளை ஏமாற்றிவிட்டார்களோ என்று மனசு கேட்கவில்லை.

பதில்: அம்மா, அது ஈ இல்லை, தேனீ. அந்த மூன்று தேனீயும் இல்லாவிட்டால் உங்கள் காசு எந்தக் காலத்தது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் குடையைப் பார்ப்போம். குடை என்றால் நமக்கு அரசன். வெண்கொற்றக்குடை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும். ரோமிலும் பாப்பரசரின் ஆட்சிக்கு அடையாளம் குடைதான், சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட, பாதி விரிந்த குடை. ஆனால் நம் ஊர் வழக்கத்துக்கு நேர் மாறாக ஒரு விஷயம் இருக்கிறது. காசில் குடையும் அதன் கீழ் இரண்டு சாவியும் இப்படிச் சேர்ந்து வந்தால், அந்தக் காசு அடித்த நாளில் பாப்பரசர் இல்லை என்று பொருள். ஒருவர் இறந்துவிட்டார், அடுத்தவரைக் கர்தினால்மார், அதாவது அவருக்கு அடுத்த படியில் இருக்கிற குருமார், இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. நாற்காலி காலி. ஓரத்தில் ‘செதே வ’ என்பதுவரை நீங்கள் படித்துக் காட்டினீர்களே, அது ‘செதே வக்கான்தே’, லத்தீனில் ‘இருக்கை காலியாக இருக்கையில்’ என்று சொல்வது. சாதாரண நாளில் பாப்பரசரின் பெயரும் அவர் குடும்பச் சின்னமும் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் குடையும் இந்த இரண்டு வார்த்தையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் காசை யார் பெயரில் அடிப்பது? பாப்பரசர் இல்லாத நாட்களில் சொத்தையும் கஜானாவையும் பார்த்துக்கொள்ள ஒரு கர்தினால் இருப்பார், கமர்லெங்கோ என்பது பதவியின் பெயர். இடைக்காலத்தில் அவருடைய குடும்பச் சின்னம் காசில் ஏறும். மூன்று தேனீ என்பது பார்பெரீனி குடும்பம். அந்தக் குடும்பத்து அந்தோனியோ பார்பெரீனி 1638 முதல் 1671 வரை கமர்லெங்கோவாக இருந்தார். இவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ, 8ஆம் அர்பன் என்ற பெயரில் பாப்பரசராக இருந்தவர். உங்கள் மகள் புனித பேதுரு பேராலயத்துக்குள் போயிருப்பாள், நடுவில் முறுக்கின தூண்களோடு பெரிய வெண்கல விதானம் ஒன்று நிற்கும், அதில் தேடச் சொல்லுங்கள், தேனீக்கள் இருக்கும். அதே குடும்பம்தான். நீங்கள் ஈ என்று எழுதியதிலும் ஒரு நியாயம் உண்டு: அந்தக் குடும்பத்தின் பழைய பெயரே ‘தஃபானி’, மாட்டு ஈ என்று அர்த்தம். வசதி வந்த பிறகு ஈயைத் தேனீயாக்கிக்கொண்டார்கள்.

சரி, வருஷத்துக்கு வருவோம். அந்தோனியோ பார்பெரீனி கமர்லெங்கோவாக இருந்த 33 வருஷத்தில் நாற்காலி நான்கு முறை காலியானது: 1644, 1655, 1667, 1669. ஆக உங்கள் காசு இந்த நான்கில் ஒன்று. மேசையில் வைத்து நான் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது மூன்றாவது எண்ணின் அடிப்பாகம் உருண்டையாகத் தெரிந்தது. 4க்கு உருண்டை அடி வராது. அதனால் 1644ஐ விட்டுவிடலாம். மீதி மூன்று. 1655 என்றால் ஜனவரி 7 முதல் ஏப்ரல் 7 வரை, சரியாக மூன்று மாதம். 1667 என்றால் மே 22 முதல் ஜூன் 20 வரை, ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. 1669 என்றால் டிசம்பர் 9இல் தொடங்கி அடுத்த வருஷம் ஏப்ரல் 29 வரை இழுத்தது. கர்தினால்மாருக்குள் ஒத்துப் போகாமல் நாலு மாதத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் 79 வயது முதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதுவாக இருந்தாலும், உங்கள் கையில் இருப்பது அந்தச் சில வாரங்களுக்குள் அடித்த காசு. அதற்கு முந்தின மாதமும் இல்லை, பிந்தின மாதமும் இல்லை. பழைய காசுகளில் இவ்வளவு துல்லியமாக நாளைச் சொல்லக்கூடியவை மிகவும் குறைவு.

பத்தர் கடைத் தராசில் 2.9 கிராம் வந்ததாகச் சொன்னீர்கள். நம்முடைய இன்றைய பத்து காசு கிட்டத்தட்ட அதே எடை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமே, அகலத்தில் ஐம்பது காசையே தாண்டுகிறது. அவ்வளவு மெல்லிசு. இந்த எடையும் அகலமும் ‘ஜூலியோ’ என்ற காசுக்குப் பொருந்துகிறது. சின்னமும் எடையும் காலமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, மகள் ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முழு நிச்சயம் வேண்டுமென்றால் பழைய காசு பார்க்கத் தெரிந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், படத்தை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று ஒரு தம்பி சொன்னார். ஒட்டியிருந்தால் போலி என்று உடனே சொல்லிவிடலாம். ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது தம்பி, செம்பிலும்கூடத்தான் காந்தம் ஒட்டாது.

கேள்வி: பாப்பரசர் சாமியார்தானே? சாமியார் எப்படிக் காசு அடித்தார்?
— ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி

பதில்: ஐயா, நம் பெரியவர்கள் வைத்த பெயரிலேயே பதில் இருக்கிறது. பாப்பு என்று விட்டுவிடாமல் பாப்பரசர் என்றார்கள். அரசர் என்ற சொல் மரியாதைக்காக மட்டும் ஒட்டிக்கொண்டது இல்லை. இத்தாலியின் நடுப்பகுதியில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அவருக்குச் சொந்த ராஜ்ஜியம் இருந்தது: ரோம், பெருஜியா, அங்கோனா, பொலோஞா, பிற்பாடு ஃபெராரா, ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் அவிஞ்ஞோன்கூட. வரி வாங்கினார், படை வைத்திருந்தார், காசும் அடித்தார். காசு அடிக்கிற இடத்தைப் பழந்தமிழில் அக்கசாலை என்பார்கள். அவருக்கு ரோமில் ஒன்று, மற்ற நகரங்களிலும் ஆங்காங்கே அக்கசாலைகள். பொலோஞாவில் அடித்த காசில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெருமை பேசும் வாசகம் வரும், ‘பொலோஞா கற்பிக்கிறது’ என்று. ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

1870 செப்டம்பர் 20இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது, ராஜ்ஜியம் முடிந்தது. 1929இல் ஒப்பந்தம் போட்டு வத்திக்கானை மட்டும் தனி நாடாக விட்டார்கள். எவ்வளவு நிலம் தெரியுமா, 109 ஏக்கர். நீங்கள் கணக்கு எழுதின தோட்டத்தில் ஒரு சின்ன டிவிஷனே அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

கேள்வி: ஜூலியோ என்பது ஆள் பெயர் மாதிரி இருக்கிறதே. காசுக்கு ஏன் ஆள் பெயர்?
— ஐந்தாம் படிவ மாணவி

பதில்: ஆள் பெயரேதான் தங்கச்சி. 2ஆம் ஜூலியஸ் 1503இல் பாப்பரசர் ஆனார். மிக்கேலாஞ்சலோவைப் பிடித்து சிஸ்டைன் ஆலயத்துக் கூரையில் ஓவியம் தீட்ட வைத்தவர், இன்றைய பேதுரு பேராலயத்துக்கு 1506இல் அடிக்கல் வைத்தவர், குதிரை ஏறிச் சண்டைக்கும் போனவர். அவர் 1504இல் ஒரு காரியம் செய்தார்: புழக்கத்தில் இருந்த வெள்ளிக்காசின் எடையையும் மதிப்பையும் கூட்டினார், ஒரு காசில் ஏறக்குறைய 4 கிராம் வெள்ளி. சனங்கள் பார்த்தார்கள், கையில் வாங்கி எடை போட்டார்கள், புதுக் காசுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சட்டம் போட்டு வைத்த பெயர் அல்ல, சந்தையில் விழுந்த பெயர். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான். ஓர் ஆட்சியாளர் காசில் வெள்ளியைக் கூட்டினால் ஏழை எளியவர்கள் அதை உடனே கண்டுகொள்கிறார்கள், பெயரும் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

1540இல் பாப்பரசர் 3ஆம் பவுல் அதே காசைத் திரும்பவும் ஒழுங்குபடுத்தி 3.85 கிராம் வெள்ளியோடு அடித்தார். அது ‘பாவ்லோ’ ஆனது. பின்பக்கத்தில் புனித பவுலின் உருவம். நம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பேதுரு, பவுல் என்று சொல்ல மாட்டார்கள், இராயப்பர், சின்னப்பர் என்பார்கள். அந்தக் கணக்கில் அது சின்னப்பர் காசு. அதே 1540இல் இதே 3ஆம் பவுல்தான் இயேசு சபைக்கு அனுமதி கொடுத்தார். அந்த வருஷம் மார்ச் மாதம் ரோமை விட்டுக் கிளம்பிய ஒருவர் கோவாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களோடு இருந்து, 1545இல் மலாக்காவுக்கும் வந்து சேர்ந்தார். சவேரியார்! பள்ளிச் சுற்றுலாவில் மலாக்காக் குன்றின் மேல் அவர் சிலையைப் பார்த்திருப்பாய். சவேரியார் கடல் ஏறிய காலத்தில் ரோமாபுரிச் சந்தையில் புதுசாகப் புழங்கிய காசு இந்தப் பாவ்லோ.

கணக்கு எளிது. 5 குவாத்திரீனோ ஒரு பயோக்கோ, 10 பயோக்கோ ஒரு ஜூலியோ அல்லது பாவ்லோ, 3 ஜூலியோ ஒரு தெஸ்தோனே, 10 ஜூலியோ ஒரு ஸ்கூதோ. உன் கணக்கு வாத்தியாரிடம் காட்டு, ஒரு ஸ்கூதோவுக்கு எத்தனை குவாத்திரீனோ என்று கேட்பார். ஐந்நூறு.

இந்த இரண்டு பெயர்களும் 300 வருஷத்துக்கு மேல் சனங்கள் வாயில் இருந்தன. வெள்ளி எடை அப்படி நிற்கவில்லை. 1504இல் 4 கிராம், நம் மேசையில் இருந்த காசு 2.9 கிராம். தேய்மானத்தைக் கழித்தாலும் குறைவு குறைவுதான். பெயர் நிற்கும், உள்ளே இருப்பது கரையும். நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1903இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம் புழக்கத்துக்கு வந்த நீரிணைக் குடியேற்ற டாலர் 26.95 கிராம், வெள்ளி விலை ஏறி, காசை உருக்கினாலே லாபம் என்று ஆனதும், 1907இல் அதை 20.21 கிராமாகக் குறைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு என்னென்னவோ வந்து போய்விட்டது, ஆனால் நாம் இன்றைக்கும் கடையில் ஐந்து ரிங்கிட்டை ‘அஞ்சு வெள்ளி’ என்றுதானே கேட்கிறோம்? கையில் கொடுப்பது பாலிமர் தாள். அதில் வெள்ளி குன்றிமணி அளவும் கிடையாது. வெள்ளியில் காசு புழங்கிய காலத்தில் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டன் சொன்ன சொல், நாம் விடவில்லை.

கேள்வி: காசின் ஓரம் ஒரே கோணல். ஒரு பக்கம் எழுத்தே வெட்டுப்பட்டிருக்கிறது. பட்டறையில் தட்டியதுபோல் இருக்கிறது. இது அரசாங்கக் காசா?

பதில்: பட்டறையில் தட்டியதேதான். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, சுத்தியலால் ஓர் அடி. பல நூற்றாண்டுக் காலம் உலகின் பல பகுதிகளில் காசு பிறந்தது இப்படித்தான். வில்லை கொஞ்சம் நகர்ந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். 17ஆம் நூற்றாண்டில் ரோமுக்கும் இயந்திரம் வந்தது, பாப்பரசர் 7ஆம் அலெக்சாண்டர் காலத்தில் அக்கசாலையை வத்திக்கான் பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் விசையில் ஓட்டினார்கள்.

எழுத்து வெட்டுப்பட்டிருப்பது அச்சு நகர்ந்ததாலும் இருக்கலாம், இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிக்காசின் ஓரத்தைக் கத்தரியால் மெல்லச் சீவி எடுப்பது அந்தக் காலத்தில் பெரிய திருட்டு. ஒரு காசில் சீவினால் தெரியாது, நூறு காசில் சீவினால் ஒரு கைப்பிடி வெள்ளி சேரும். சீவின காசை முழு விலைக்கே கடையில் தள்ளிவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் காசின் விளிம்பில் பல்பல்லாக வெட்டினார்கள். பல் போயிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார் என்று கடைக்காரருக்கே தெரியும். அப்படிப் பல் வைத்த ஸ்பானிய வெள்ளிக்காசு நம் பக்கத்துத் துறைமுகங்களில் புழங்கியபோது மலாய்க்காரர்கள் அதை அந்த விளிம்பைப் பார்த்தே ‘ரிங்கிட்’ என்றார்கள், பல்லுப் பல்லாக இருப்பது என்று பொருள். மலாய்க்காரர்கள் ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்த்து வைத்தோம். சட்டைப்பையில் ஒரு காசு இருந்தால் எடுத்து விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மேசையில் இருந்த ரோமாபுரிக் காசின் ஓரம் வழுவழு என்று இருந்தது, அதற்குப் பல் இல்லை.

கேள்வி: இவ்வளவு சின்ன இடத்தில் யார் செதுக்கினார்கள்?

பதில்: பெரிய பெரிய கைகள். பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனூத்தோ செல்லீனி பாப்பரசர் 7ஆம் கிளமெண்ட் காலத்தில் ரோமாபுரி அக்கசாலைக்கு அச்சு வெட்டினார். அவர் வெட்டிய ஒரு வெள்ளிக்காசில் கடல்மேல் நடக்கிற இயேசு, தண்ணீரில் அமிழ்ந்துபோகிற பேதுருவைக் கைப்பிடித்துத் தூக்குகிறார். ஓரத்தில் லத்தீனில் ‘ஏன் ஐயப்பட்டாய்?’ என்று வாசகம். காசை வாங்குகிறவன் இது நல்ல காசா என்று சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பான் இல்லையா, அவனைப் பார்த்து அந்தக் காசு கேட்கிறது. யோசித்து யோசித்து ரசிக்கிறேன் இதை.

அதே செல்லீனிக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. 1527 மே 6இல் பேரரசன் 5ஆம் சார்லஸின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. கோட்டைக்குள் அடைபட்ட பாப்பரசர் தன் மகுடங்களிலிருந்து கற்களைப் பெயர்த்துவிட்டுப் பொன்னை உருக்கச் சொன்னார், உருக்கியவர் செல்லீனி. வெள்ளிப் பாத்திரங்களையும் உருக்கிக் காசாக அடித்தார்கள், படைக்காரனுக்குக் கப்பம் கட்ட. அழகாகச் செய்தவன் கையாலேயே அழகானதை உருக்க நேர்ந்தது.

கேள்வி: காசு கருத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தேன், பாதி பளிச்சென்று வந்தது. மீதியையும் தேய்த்துவிடவா? மாமியார் கொக்கி வைத்துச் சங்கிலியில் கோர்த்துப் போடச் சொல்கிறார்.
— காசு கொண்டுவந்த அதே வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

புளி, திருநீறு, பற்பசை, பித்தளை விளக்குவதற்கு டின்னில் விற்கிறார்களே அது, எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி, அவற்றில் தேய்த்தால் போய்விடுகிற எழுத்து இல்லை. உங்கள் காசில் மூன்றாவது எண்ணின் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் இரண்டு தரம் தேய்த்தால் அதுவும் போய்விடும், அப்புறம் 1655ஆ 1667ஆ 1669ஆ என்று கேட்க ஆள் இருக்காது. கறுப்பு என்பது அழுக்கு இல்லை, காற்றில் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே படர்ந்த மெல்லிய தோல். அது காசைத் தின்பதில்லை. பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் வெளுப்புமாக இருப்பதால்தான் தேனீயின் இறக்கை நம் கண்ணுக்குத் தெரிகிறது.

என் பாட்டியிடம் ரூபாய்க்காசு ஐந்து இருந்தன. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது இடுப்பில் முடிந்துகொண்டு வந்தது. அந்த ரூபாயிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, உங்கள் ரோமாபுரிக் காசின் கலவையும் அதுவேதான். அத்தனைக்கும் கொக்கி வைத்துச் சிவப்புக் கயிற்றில் கோர்த்திருந்தார். ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகும்போது கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதை அடுப்புச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பது என் வேலை. ராணியின் மூக்கு போயிருந்தது, தலையில் கிரீடம் இருந்த இடம் ஒரு மேடு, அவ்வளவுதான். என் கைபட்டும் கொஞ்சம் போயிருக்கும். ஒரு வருஷம் வீட்டில் பணமுடை வந்தது. டவுனில் ஒரு நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் காசாகப் பார்க்கவில்லை, கொக்கியை வெட்டிப் போட்டுவிட்டு எடையை மட்டும் பார்த்தார்கள், பாட்டி கண்ணெதிரே உருக்குகிற மூசையில் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அவை எந்த வருஷத்து ரூபாய், கல்கத்தாவில் அடித்ததா பம்பாயில் அடித்ததா, எதையும் நான் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கத்தில் யார் காசைப் பற்றிக் கேட்டாலும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொக்கி வைக்க வேண்டுமென்றால் நெருப்பில் பற்றவைக்க வேண்டும். 2.9 கிராம் தகடு அது, நெருப்புப் பட்ட இடத்தில் எழுத்து இளகிவிடும். மாமியாரிடம் சொல்லுங்கள், ஆசைக்கு வேறு ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கிக்கொள்ளலாம். காசைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து ஒரு காகித உறையில் போடுங்கள், பென்சிலால் உறைமேல் எழுதுங்கள்: எங்கே வாங்கியது, என்றைக்கு, என்ன எடை. உறையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். நம் ஊரே ரப்பரால் வளர்ந்த ஊர், நம் வீடுகளில் எதையும் ரப்பர் வளையம் போட்டுத்தான் கட்டுவோம், தெரியும். ஆனால் பாலை ரப்பராக்கும்போது கந்தகம் சேர்க்கிறார்கள், அந்தக் கந்தகம் வெள்ளியைக் கோடு கோடாகக் கருக்கிவிடும். எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்கள், விரல் ரேகை பதியாது.

கேள்வி: வித்தால் எவ்வளவு போகும்?

பதில்: இந்தப் பகுதியில் விலை சொல்வதில்லை, பல தடவை எழுதியிருக்கிறேன். எடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளிக் கணக்கில் 2.9 கிராமுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் வரும்.

கேள்வி: குடை போடாத மற்ற காசுகளில் என்ன எழுதியிருப்பார்கள்? பிரார்த்தனையா?

பதில்: பாப்பரசர் பெயர், அவர் ஆட்சியில் எத்தனையாவது வருஷம், புனிதர் உருவம், இது பொதுவாக. சிலவற்றில் புத்திமதியும் இருக்கும். 1676 முதல் 1689 வரை இருந்த 11ஆம் இன்னசென்ட் காலத்து வெள்ளிக்காசுகளைப் பாருங்கள்: ‘வாங்குவதைவிடக் கொடுப்பது மேல்’ என்று ஒன்று, ‘ஏழைக்குக் கொடுப்பவனுக்குக் குறைவு வராது’ என்று இன்னொன்று. பணத்தின் மேலேயே பணத்தைப் பற்றிய எச்சரிக்கை! கடன்காரன் கையில் எண்ணி வைக்கும்போதும் அந்த வரி கண்ணில் படும். யூபிலி ஆண்டுகளில் வந்த காசுகளில் புனிதக் கதவு இருக்கும், மகள் அந்தக் கதவு வழியாகத்தான் நடந்து போயிருப்பாள்.

கேள்வி: அங்கிள், அந்தக் காசை வாங்கி வந்த மகள் நான்தான். அம்மா ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்கள். நாங்கள் ரோமில் இறங்கியது 2025 ஏப்ரல் 27. முந்தின நாள்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு அடக்கச் சடங்கு நடந்திருந்தது. பார்க்கப் போனவரைப் பார்க்க முடியவில்லையே என்று எங்கள் குழுவில் எல்லாருக்கும் அழுகை. நான் மட்டும் தெருவில் பழைய சாமான் விற்கிற ஒரு தாத்தாவின் கடையில் நின்றேன். அவர் பெட்டியைக் கிளறி இந்தக் காசை எடுத்து, குடையைக் காட்டி, பேராலயத்தின் பக்கம் கையைக் காட்டி, ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை, காசு பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். இப்போதுதான் அவர் என்ன சொன்னார் என்று புரிகிறது. இந்தக் காலத்திலும் இப்படிக் காசு அடிக்கிறார்களா?

பதில்: அடிக்கிறார்கள் அம்மா. 2013இல் 16ஆம் பெனடிக்ட் பதவி விலகிய இடைவெளிக்கு வத்திக்கான் இரண்டு யூரோ காசு ஒன்று வெளியிட்டது. அதே குடை, அதே சாவி, கீழே அப்போதைய கமர்லெங்கோவின் சின்னம். நீ ரோமில் இருந்த அந்த நாட்களில் கமர்லெங்கோ கர்தினால் கெவின் ஃபாரல், ஏப்ரல் 21 அன்று பிரான்சிஸ் இறந்த செய்தியை உலகத்துக்கு அறிவித்தவரும் அவரே. மே 8இல் 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்படும்வரை, உன் காசில் தேனீ இருக்கிற இடம் அவருடையது.

அந்தத் தாத்தா உனக்குச் சொன்னதை நான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், அவர் இரண்டு கையசைப்பில் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லி உறையின் மேல் அந்த ஏப்ரல் தேதியையும் எழுதிவிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தால் காசைக் கொண்டு வா, நான் பத்தரிடமிருந்து கண்ணில் வைத்துப் பார்க்கிற கண்ணாடியை வாங்கி வைக்கிறேன். அந்த நாலாவது எண் 5ஆ, 7ஆ, 9ஆ என்று காலை வெயில் சாய்வாக விழும்போது பார்ப்போம், பத்து மணிக்கு முன்னால் வந்துவிடு.